வேலூர் வெயிலும் காற்றின் சுவடு வாயுக்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்து ஆசிரியர்கள், மாணவர்கள், விவசாயிகள், டேனரிகளில் (தோல் பதனிடும் ஆலைகளில்) வேலை செய்பவர்கள் ஆகியோர் காற்றைப் பற்றிக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தந்திருக்கிறோம். ஆய்வகத்தில் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு அளவீட்டு முறைகளும் உண்டு. டேனரிக் குழி பற்றிய பகுதி உயிர் சம்பந்தப்பட்டது. அந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தயவுசெய்து வாசித்துக் காட்டுங்கள்.

சுவடு வாயுக்கள் என்றால் எவை?

ஈரத்தை நீக்கிவிட்டுப் பார்த்தால் காற்றில் நைட்ரஜன் 78.08 சதவீதம், ஆக்சிஜன் 20.95, ஆர்கான் 0.93. மற்ற எல்லா வாயுக்களும் எஞ்சிய 0.04 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். இவைதான் சுவடு வாயுக்கள். அதில் பெரும்பகுதி கார்பன் டை ஆக்சைடு. அது இப்போது 420 பிபிஎம்-ஐத் தாண்டிவிட்டது. பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. மீத்தேன் சுமார் 1.9 பிபிஎம், நைட்ரஸ் ஆக்சைடு சுமார் 0.34 பிபிஎம். ஓசோன், நைட்ரஜன் டை ஆக்சைடு, சல்ஃபர் டை ஆக்சைடு, அம்மோனியா, ஹைட்ரஜன் சல்ஃபைடு போன்றவற்றைப் பிபிபி கணக்கில்தான் சொல்ல முடியும். பிபிபி என்பது நூறு கோடியில் ஒரு பங்கு. நீளம், அகலம், உயரம் மூன்றும் 10 மீட்டராக இருக்கும் கூடத்தில் ஒரு மில்லிலிட்டர் வாயுவைக் கலந்தால் அது 1 பிபிபி.

இவ்வளவு சொற்பமான வாயுக்களால் என்ன ஆகிவிடப் போகிறது?

நைட்ரஜனும் ஆர்கானும் சாதாரண வெயிலில் எதனோடும் வினைபுரிவதில்லை. காற்றில் பகல் முழுக்க நடக்கும் வேதியியல் அநேகமாக இந்தச் சொற்ப வாயுக்களைச் சுற்றியே நடக்கிறது. நுரையீரல் எரிச்சல், இலையில் விழும் புள்ளி, மழைநீரின் அமிலத்தன்மை, குளிர்காலப் புகைமூட்டத்தில் ஒரு பகுதி எல்லாவற்றுக்கும் வேர் அங்கேதான். 60 பிபிபி ஓசோன் எட்டு மணி நேரம் நீடித்தால் இந்திய வரையறையை மீறியதாகிவிடும்.

ஓசோன் நம்மைக் காப்பாற்றுகிறது என்று பாடத்தில் படித்தோம். இங்கே கெட்டது என்கிறீர்களே?

மூலக்கூறு ஒன்றுதான், இருக்கும் இடம் வேறு. வளிமண்டல ஓசோனில் பத்தில் ஒன்பது பங்கு மேலே அடுக்கு மண்டலத்தில் இருந்து புற ஊதாக் கதிரைத் தடுக்கிறது. தமிழ்நாட்டுக்கு மேலே இருக்கும் ஓசோன் முழுவதையும் தரைமட்ட அழுத்தத்தில் ஓர் அடுக்காகப் பரப்பினால் அதன் தடிமன் இரண்டரை மில்லிமீட்டர் அளவுக்குத்தான் வரும். தரையில் நாம் மூச்சில் இழுக்கும் ஓசோன் சுவாசக் குழாயின் உட்சவ்வை ஆக்சிஜனேற்றம் செய்து புண்ணாக்குகிறது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது நேரடித் தொல்லை.

எந்தப் புகைபோக்கியிலிருந்தும் ஓசோன் வருவதில்லையே, பிறகு எப்படி உண்டாகிறது?

இந்தப் பக்கத்தில் பொறுமையாகப் படிக்க வேண்டிய விடை இதுதான்.

எஞ்சினின் சூட்டில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரிக் ஆக்சைடு உண்டாகிறது. அது வெளியே வந்ததும் அங்கிருக்கும் ஓசோனோடு ஒன்றிரண்டு நிமிடத்தில் வினைபுரிந்து நைட்ரஜன் டை ஆக்சைடாகிறது. இந்த டை ஆக்சைடு, 420 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீள ஒளியில் உடையும். நண்பகல் வெயிலில் அதன் ஆயுள் இரண்டு நிமிடம் போலத்தான். உடையும்போது மீண்டும் நைட்ரிக் ஆக்சைடும் தனி ஆக்சிஜன் அணு ஒன்றும் கிடைக்கின்றன. அந்த அணு உடனே பக்கத்து ஆக்சிஜன் மூலக்கூறோடு சேர்ந்து ஓசோனாகிறது.

இத்தோடு நின்றால் கணக்கு நேராகிவிடும். உண்டான ஓசோனை நைட்ரிக் ஆக்சைடு தின்றுவிடும். நிகர லாபம் ஒன்றும் இராது. ஓசோன் ஏற வேண்டுமானால், ஓசோனைச் செலவழிக்காமலேயே நைட்ரிக் ஆக்சைடை டை ஆக்சைடாக மாற்ற வேறொன்று வேண்டும். அந்த வேலையைச் செய்பவை பெராக்சி ரேடிக்கல்கள். ரேடிக்கல் என்பது இணை சேராத எலக்ட்ரான் இருப்பதால் வேகமாக வினைபுரியும் மூலக்கூறுத் துண்டு. பெட்ரோல் ஆவி, செருப்புப் பசையிலிருந்து ஆவியாகும் டொலுவீன், விறகடுப்பின் கார்பன் மோனாக்சைடு, மரங்கள் விடும் ஐசோப்ரீன் ஆகியவற்றை ஹைட்ராக்சில் ரேடிக்கல் தாக்கும்போது இவை பிறக்கின்றன. ஒரு கரிம மூலக்கூறு முழுவதும் எரிந்து கார்பன் டை ஆக்சைடாக முடிவதற்குள் இந்தச் சுற்று பல முறை ஓடும். ஒவ்வொரு சுற்றிலும் நைட்ரஜன் ஆக்சைடு செலவாகாமல் திரும்பி வருகிறது, ஓசோன் ஒன்று கூடுகிறது.

ஆக, மூன்று பொருள்கள் சேர வேண்டும்: நைட்ரஜன் ஆக்சைடுகள், ஆவியாகும் கரிமச் சேர்மங்கள், வெயில். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையின் லாரிகள் முதலாவதைக் கொடுக்கின்றன. ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரை தோல், காலணித் தொழிலில் புழங்கும் கரைப்பான்கள் இரண்டாவதில் ஒரு பங்கு. மூன்றாவதுக்கு வேலூரில் பஞ்சமே இல்லை.

அப்படியானால் கத்திரி வெயிலில்தான் ஓசோன் உச்சத்தில் இருக்குமா?

பல நாட்களில் அப்படித்தான், ஆனால் சூடு மட்டும் காரணமில்லை. ஓசோனை ஆக்குவது ஒளி. வேலூர் வடக்கு அட்சரேகை 13 பாகைக்குச் சற்றுக் கீழே இருப்பதால், ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அப்போது கதிர் கடக்கும் காற்றின் தடிமன் மிகக் குறைவு, புற ஊதாக் கதிர் மிக அதிகம். ஆகஸ்டில் மேகமும் சாரலும் குறுக்கிடும். ஏப்ரல், மே மாதங்களில் தடை குறைவு. சூடு தன் பங்குக்குக் கரைப்பான்களையும் பெட்ரோலையும் வேகமாக ஆவியாக்குகிறது, மரங்களை அதிக ஐசோப்ரீன் விடவைக்கிறது.

அதே சூடு இன்னொரு பக்கம் காற்றை உயரத் தூக்கிக் கலக்கவும் செய்கிறது. மே மாதப் பிற்பகலில் கலப்படுக்கு (தரையை ஒட்டிக் காற்று நன்றாகக் கலக்கும் அடுக்கு) இரண்டு மூன்று கிலோமீட்டர் வரை உயர்ந்து மாசை நீர்த்துப்போகச் செய்யும். அதனால் "42 டிகிரி அடித்தது, ஓசோன் கட்டாயம் கூடியிருக்கும்" என்று சொல்லிவிட முடியாது. காற்று அசையாமல், வானம் தெளிந்து, 37 டிகிரி அடிக்கும் நாள் அதைவிட மோசமாக இருக்கக்கூடும்.

ஒரு நாளுக்குள் பார்த்தால் விடியலில் மிகக் குறைவு, பிற்பகல் ஒரு மணி முதல் நான்கு மணிக்குள் உச்சம், இருட்டியதும் சரிவு. கோடையில் ஓட்டப் பயிற்சி செய்கிறவர்கள் காலை எட்டுக்குள் முடித்துக்கொள்வது நல்லது. ஜனவரியில் கதை தலைகீழ். அதிகாலையில் புகையும் நைட்ரஜன் டை ஆக்சைடும் தரையோடு தேங்கி நிற்கும். வெயில் ஏறி, ஒன்பது மணிக்கு மேல் அது கலைந்த பிறகு ஓடலாம்.

வேலூர் கிரீன் சர்க்கிள் சந்திப்பில் ஓசோன் குறைவாகவும் ஊருக்கு வெளியே அதிகமாகவும் காட்டுகிறது. கருவி பழுதா?

பழுது இல்லை. நெரிசலில் புதிதாக வெளிவரும் நைட்ரிக் ஆக்சைடு அங்கிருக்கும் ஓசோனைத் தின்றுவிடுகிறது. அந்தக் காற்று நகர்ந்து, வெயிலில் சில மணி நேரம் கழித்த பிறகுதான் ஓசோன் கூடுகிறது. அதனால் சந்திப்பில் ஓசோன் குறைவு என்பதை நல்ல காற்று என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே நைட்ரஜன் டை ஆக்சைடு எவ்வளவு என்று பாருங்கள். இரண்டையும் கூட்டிப் பார்த்தால் படம் தெளிவாகும். வாகனம் குறைந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நகரத்துக்குள் ஓசோன் சற்று ஏறுவதும், 2020 ஊரடங்கில் உலகின் பல நகரங்களில் ஓசோன் ஏறியதும் இதே காரணத்தால்தான்.

ஏலகிரியில் கருவி வைத்தால் இன்னொரு வியப்பு காத்திருக்கும். இரவில் சமவெளியில் ஓசோன் சரிந்து விழும்போது, சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் அவ்வளவு விழாது. இரவில் தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்று தனி அடுக்காகப் பிரிந்துவிடுகிறது. பகலில் உண்டான ஓசோன் அதற்கு மேலே, நைட்ரிக் ஆக்சைடும் தரையும் தொடாத உயரத்தில் மிச்சம் நிற்கிறது. மறுநாள் காலை அடுக்கு உடையும்போது அது கீழிறங்கிக் கலக்கும். காலை ஒன்பது, பத்து மணிக்கு ஓசோன் வேகமாக ஏறுவதில் ஒரு பகுதி நேற்றைய சரக்கு.

மரங்கள் ஐசோப்ரீன் விடுகின்றன என்றால் மரம் நடுவது தவறா?

இல்லை. நைட்ரஜன் ஆக்சைடு இல்லாத இடத்தில் ஐசோப்ரீனால் ஓசோன் கூடாது. ஜவ்வாது மலைக் காட்டுக்குள் அது பெரிய பிரச்சினையே இல்லை. ஆனால் நெடுஞ்சாலை ஓரத்தில் வரிசையாகத் தைல மரமோ மூங்கிலோ நடுவதற்கு முன் யோசிக்கலாம். இரண்டும் ஐசோப்ரீனை அதிகம் விடுபவை. வெளிச்சம் இருக்கும்போதுதான் விடும். வெப்பம் கூடக்கூட, ஏறத்தாழ 40 டிகிரி வரை, அளவும் கூடும்.

காற்று தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்கிறது என்பது உண்மையா?

உண்மை. அதைச் செய்வது ஹைட்ராக்சில் ரேடிக்கல். ஓசோன் மூலக்கூறு ஒன்று 320 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளப் புற ஊதாக் கதிரில் உடைந்தால், ஆற்றல் மிகுந்த ஆக்சிஜன் அணு பிறக்கும். அது நீராவியோடு மோதினால் இரண்டு ஹைட்ராக்சில் கிடைக்கும். அதன் ஆயுள் ஒரு விநாடி அளவுதான். நண்பகலில்கூட ஒரு கன சென்டிமீட்டர் காற்றில் சில பத்து லட்சம் மட்டுமே இருக்கும். அதே கன சென்டிமீட்டரில் மொத்த மூலக்கூறுகளின் எண்ணிக்கையை எழுத 25 போட்டு 18 சுழியம் சேர்க்க வேண்டும். அவ்வளவு அரிதான ஒன்றுதான் மீத்தேன், கார்பன் மோனாக்சைடு, டொலுவீன், சல்ஃபர் டை ஆக்சைடு என்று எல்லாவற்றையும் தாக்கி, மழையில் கரையும் பொருளாக மாற்றுகிறது.

எந்த வாயு எவ்வளவு நாள் காற்றில் தங்கும் என்பதையும் பெரும்பாலும் இதுதான் தீர்மானிக்கிறது. ஐசோப்ரீன் ஓரிரு மணி நேரம், ஒன்று மற்றொன்றாக மாறிக்கொண்டே இருக்கும் நைட்ரஜன் ஆக்சைடுகள் பகலில் மொத்தமாகச் சில மணி நேரம், டொலுவீன் இரண்டொரு நாள், பென்சீன் ஒரு வாரத்துக்கு மேல், கார்பன் மோனாக்சைடு ஒன்று முதல் மூன்று மாதம், மீத்தேன் ஏறத்தாழ ஒன்பது ஆண்டு. நைட்ரஸ் ஆக்சைடை ஹைட்ராக்சிலால் ஒன்றும் செய்ய முடியாது. அது நூறாண்டுக்கு மேல் சுற்றி, அடுக்கு மண்டலத்துக்குப் போய்த்தான் அழியும்.

இந்த ஆயுள் வித்தியாசத்தை வைத்தே காற்று எங்கிருந்து வந்தது என்று துப்பறியலாம். டொலுவீன் பென்சீனைவிட வேகமாக அழிவதால், இரண்டின் விகிதம் உயர்வாக இருந்தால் பக்கத்திலேயே புதிய மூலம் இருக்கிறது என்று பொருள். விகிதம் ஒன்றுக்குக் கீழே இறங்கினால் அது பல நாள் பயணம் செய்த காற்று.

டேனரி பக்கம் அழுகிய முட்டை நாற்றம் ஏன் இரவில் அதிகம்?

நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடுடையது. மூக்கு அதைச் சில பிபிபி அளவிலேயே பிடித்துவிடும். இரவில் காற்று கலக்காமல் பாலாற்றுப் பள்ளத்தாக்கின் அடியில் தேங்குவதால் அதே அளவு வாயு மெல்லிய அடுக்குக்குள் செறிந்துவிடுகிறது. ஹைட்ராக்சில் இரவில் அநேகமாக இல்லாததால் அழிவும் இல்லை.

மூலம் இரண்டு. ஒன்று, காற்றில்லாத கழிவுச் சேற்றில் பாக்டீரியா சல்ஃபேட்டைச் சல்ஃபைடாக மாற்றுவது. மற்றது, மயிர் நீக்கும் சுண்ணாம்புக் குழியில் போடும் சோடியம் சல்ஃபைடு. சுண்ணாம்புக் கரைசலின் பிஎச் 12-க்கு மேல் இருக்கும்; அங்கே சல்ஃபைடு முழுவதும் அயனியாகக் கரைந்து கிடக்கும், வாயுவாக வராது. பிஎச் 7-க்கு இறங்கினால் ஏறத்தாழ பாதி, கரைந்த வாயு வடிவத்துக்கு மாறிவிடும். 5-க்கு இறங்கினால் 99 சதவீதம். தோலை அமிலத்திலும் உப்பிலும் ஊறவைத்த பிக்கிள் தண்ணீரும், குரோம் உப்பில் பதனிட்ட குரோம் தண்ணீரும் பிஎச் 3, 4 அளவில் இருப்பவை. இந்த அமிலக் கழிவும் சுண்ணாம்புக் கழிவும் ஒரே வாய்க்காலில் சந்தித்தால் நடப்பதை ஒரு கணக்கில் காட்டலாம். 60 சதவீத சோடியம் சல்ஃபைடு ஃபிளேக்ஸ் (செதில்கள்) ஒரு கிலோ முழுவதும் அமிலத்தில் பட்டால் ஏறத்தாழ 190 லிட்டர் ஹைட்ரஜன் சல்ஃபைடு வரும். 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரம் உள்ள கொட்டகை முழுவதையும் 500 பிபிஎம் அளவுக்கு நிரப்ப அது போதும். அது ஆளை மயக்கமடித்து வீழ்த்தி, சற்று நேரத்தில் கொல்லும் அளவு.

சுண்ணாம்புக் கழிவுக்கும் குரோம், பிக்கிள் கழிவுக்கும் தனித்தனி வாய்க்கால் என்பது இதனால்தான் கட்டாயம். சல்ஃபைடுக் கழிவை, மாங்கனீஸ் சல்ஃபேட் சிறிதளவு சேர்த்து, காற்றூட்டி ஆக்சிஜனேற்றம் செய்து முடித்த பிறகே மற்றதோடு கலக்க வேண்டும்.

நாற்றம் நின்றுவிட்டால் குழிக்குள் இறங்கலாமா?

கூடவே கூடாது. 100 பிபிஎம்-ஐ ஒட்டிய அளவில் இந்த வாயு மோப்ப நரம்பை மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் நின்றது வாயு கூடியதன் அறிகுறியாகவும் இருக்கலாம். இது காற்றைவிட ஏறத்தாழ 1.2 மடங்கு கனமானது. குழியின் அடியில் படுத்துக்கிடக்கும்.

கழிவுநீர்த் தொட்டிக்குள் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013 சட்டப்படி குற்றம். வேலையை வெளியிலிருந்து பம்ப் அல்லது உறிஞ்சு லாரி வைத்து முடிப்பதே முறை. தவிர்க்கவே முடியாத பராமரிப்பு என்றால் நான்கு வாயு மீட்டரின் குழாயை மேல், நடு, அடி என்று மூன்று ஆழத்தில் இறக்கிப் பார்க்க வேண்டும். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. ஹைட்ரஜன் சல்ஃபைடு 10 பிபிஎம்-க்குள், எரிவாயு அதன் கீழ் வெடிப்பு எல்லையில் (தீப்பிடிக்கக் காற்றில் இருக்க வேண்டிய குறைந்தபட்ச அளவில்) பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். ஒருமுறை பார்த்துவிட்டு மீட்டரை மூடி வைப்பதுதான் வழக்கமான தவறு. சேற்றில் சிக்கியிருக்கும் வாயு, கால் வைத்துக் கிளறியதும் மொத்தமாக வெளியேறும். மீட்டர் இறங்குபவரின் உடம்பிலேயே, ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். காற்று ஊதும் புளோயர், ஆளை மேலே இழுக்கும் முக்காலி, உடல் முழுக்கப் பிடிக்கும் பாதுகாப்பு வார், மேலே பிடித்துக்கொண்டு நிற்க இருவர், காற்று உருளையுடன் கூடிய முகக்கவசம் இத்தனையும் வேண்டும். துணி மாஸ்க்கும் என்95 மாஸ்க்கும் வாயுவைத் தடுக்காது.

ஒருவர் விழுந்துவிட்டால் காப்பாற்ற இன்னொருவர் குதிக்காதீர்கள். இத்தகைய விபத்துகளில் இரண்டாவது, மூன்றாவது சாவு அப்படித்தான் நேர்கிறது. வாரைப் பிடித்து மேலே இழுங்கள், புளோயரை ஓடவிடுங்கள், 112-க்கும் 108-க்கும் அழையுங்கள்.

வெள்ளிக் கொலுசு சீக்கிரம் கறுப்பதும் இதனாலா?

ஆம். அந்தக் கறுப்பு வெள்ளி சல்ஃபைடு. வியர்வையிலும் கந்தகம் உண்டு என்பதால் கொலுசை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். பெட்டியில் வைத்த வெள்ளியும் கறுக்கிறது, ஏசியின் செம்புக் குழாயும் அடிக்கடி ஓட்டை விழுகிறது என்றால் காற்றைச் சந்தேகிக்கலாம்.

நெல் வயலிலிருந்து மீத்தேன் வருகிறது என்கிறார்களே, ஏரிப் பாசனக்காரர்கள் என்ன செய்வது?

தண்ணீர் கட்டிய சேற்றில் நுண்ணுயிர்கள் முதலில் ஆக்சிஜனையும், பிறகு நைட்ரேட், மாங்கனீஸ், இரும்பு, சல்ஃபேட் என்று வரிசையாகவும் பயன்படுத்தித் தீர்க்கும். எல்லாம் தீர்ந்த பிறகுதான் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களின் முறை வரும். வயலை இடையில் காயவிட்டால் ஆக்சிஜன் திரும்பிவந்து வரிசை முதலிலிருந்து தொடங்கும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர்ப் பாய்ச்சுவதன் வேதியியல் இதுதான். ஓட்டையிட்ட 30 சென்டிமீட்டர் குழாயை வயலில் பாதிக்குப் புதைத்து, உள்ளே நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் மறுபடி பாய்ச்சுங்கள். பூக்கும் பருவத்தில் மட்டும் காயவிடாதீர்கள். மீத்தேன் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறையும், தண்ணீரும் மிச்சம்.

காய்ந்து நனையும்போது நைட்ரஸ் ஆக்சைடு சற்றுக் கூடும். யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் போட்டால் அதையும் கட்டுப்படுத்தலாம்.

யூரியா போட்ட வயலில் மூக்கைத் துளைக்கும் நெடி வருகிறதே?

அது அம்மோனியா, உங்கள் காசு காற்றில் போகிறது. மண்ணிலுள்ள யூரியேஸ் என்ற நொதி யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்குகிறது. மண் காரமாக இருந்து, வெயிலும் கடுமையாக இருந்தால், மேலே தூவிய யூரியாவின் நைட்ரஜனில் மூன்றில் ஒரு பங்குகூட இப்படிப் பறந்துவிடும். மாலையில் போட்டு, மண்ணுக்குள் தள்ளுங்கள் அல்லது உடனே லேசாக நீர் பாய்ச்சுங்கள். பறந்த அம்மோனியா நைட்ரிக், சல்ஃபியூரிக் அமிலங்களோடு சேர்ந்து நுண்துகளாகிறது. அம்மோனியம் நைட்ரேட் சூட்டில் மீண்டும் வாயுவாகப் பிரிந்துவிடும் என்பதால் மே மாதத்தில் அது துகளாக நிற்பதில்லை. ஜனவரி விடியலில்தான் மூட்டமாகத் தெரியும்.

கல்லூரி ஆய்வகத்தில் நைட்ரஜன் டை ஆக்சைடை மலிவாக அளப்பது எப்படி?

மின்சாரம் வேண்டாத பரவல் குழாய் முறையே சிறந்தது. 7.1 சென்டிமீட்டர் நீளமும் 1.1 சென்டிமீட்டர் உள்விட்டமும் உள்ள அக்ரிலிக் குழாய்கள், இரு பக்க மூடி, துருப்பிடிக்காத எஃகு வலைத் தட்டுகள் ஒரு குழாய்க்கு இரண்டு. வலையைச் சோப்பு நீரிலும் வடிநீரிலும் கழுவி உலர்த்துங்கள். நைட்ரஜன் டை ஆக்சைடைப் பிடித்து வைக்கும் டிரைஎத்தனாலமைனின் 20 சதவீத நீர்க்கரைசலில் 50 மைக்ரோலிட்டர் எடுத்து வலையில் விட்டு, அந்தப் பக்கத்து மூடிக்குள் வைத்து அடைத்துவிடுங்கள். மறுபக்கமும் மூடி, வைக்கும் நாள் வரை இருட்டில், ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

தரையிலிருந்து இரண்டு முதல் நான்கு மீட்டர் உயரத்தில், வாய் கீழ்நோக்கி இருக்கும்படி கம்பத்தில் கட்டி, கீழ் மூடியை மட்டும் கழற்றுங்கள். சுவரோடு ஒட்ட வேண்டாம், ஏசி வெளியூதியின் பக்கமும் வேண்டாம். ஓர் இடத்துக்கு மூன்று குழாய், அதோடு மூடியே திறக்காத வெற்றுக் குழாய் ஒன்று. இரண்டு வாரம் கழித்து மூடி, தொடங்கிய, முடித்த நேரத்தை நிமிடக் கணக்கில் குறித்துக்கொண்டு எடுத்து வாருங்கள்.

குழாய்க்குள் சல்ஃபனிலமைடு, பாஸ்பாரிக் அமிலம், நாப்தைல் எத்திலீன் டையமைன் கலந்த நிறக்கரைசல் 3 மில்லிலிட்டர் ஊற்றி, குலுக்கி, அரை மணி நேரம் இருட்டில் வையுங்கள். இளஞ்சிவப்பு நிறத்தை 540 நானோமீட்டரில் அளந்து, சோடியம் நைட்ரைட் தரக் கரைசல்களோடு ஒப்பிடுங்கள்.

கணக்கு இது: பரவல் கெழு விநாடிக்கு 0.154 சதுர சென்டிமீட்டர், குழாய் வாயின் பரப்பு 0.95 சதுர சென்டிமீட்டர், நீளம் 7.1 சென்டிமீட்டர். முதல் இரண்டையும் பெருக்கி நீளத்தால் வகுத்து, மணிக்கணக்குக்கு 3,600-ஆல் பெருக்கினால் மணிக்கு ஏறத்தாழ 74 கன சென்டிமீட்டர் காற்று. இரண்டு வாரத்தில் 25 லிட்டர். காற்றில் கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம் இருந்தால் குழாயில் 1 மைக்ரோகிராம் சேர்ந்திருக்கும். உங்கள் விடை இதற்குப் பத்து மடங்கு விலகி வந்தால் அலகு மாற்றத்தில் பிழை தேடுங்கள்.

மூன்று குழாயும் மூன்று விடை தருகின்றன. எங்கே தவறு?

பெரும்பாலும் மூடி சரியாக அடையவில்லை, அல்லது வலையில் விட்ட கரைசலின் அளவு ஒன்றுபோல் இல்லை. மூன்றும் ஒன்றுபோல் உயர்ந்து வந்தால் வேறு காரணம். பலத்த காற்று குழாயின் வாய்க்குள் புகுந்து பரவல் தூரத்தைக் குறைத்துவிடும். சாலையோரத்தில், உள்ளே நுழைந்த நைட்ரிக் ஆக்சைடும் ஓசோனும் குழாய்க்குள்ளேயே வினைபுரிந்து கூடுதல் டை ஆக்சைடு தரும். அக்ரிலிக் புற ஊதாவைத் தடுப்பதால் அதை உடைக்க உள்ளே போதிய ஒளியும் இல்லை. இதனால் விடை உண்மையைவிடக் கால்வாசிகூடக் கூடி வரலாம். வெற்றுக் குழாயே நிறம் காட்டினால் வடிநீரையும் டிரைஎத்தனாலமைன் புட்டியையும் மாற்றுங்கள். அந்தத் தொகுதியை வெளியிடாதீர்கள்.

ஸ்டார்ச் காகிதத்தில் ஓசோனைக் காட்ட முடியுமா?

பள்ளிக்கு நல்ல செய்முறை. அளவீடு என்று சொல்லக் கூடாது. ஓசோனைக் கண்டறிந்த ஷோன்பைன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பயன்படுத்திய முறை இது. 100 மில்லிலிட்டர் வடிநீரில் 5 கிராம் சோளமாவைக் காய்ச்சிக் கூழாக்கி, இறக்கிய பிறகு 1 கிராம் பொட்டாசியம் அயோடைடு கலக்குங்கள். வடிதாளில் பூசி, நிழலில் உலர்த்தி, நிழலிலேயே எட்டு மணி நேரம் தொங்கவிட்டு, வடிநீரில் நனைத்து நிறம் பாருங்கள். வெயில் பட்டால் அயோடைடு தானாகவே நிறம் மாறும். நைட்ரஜன் டை ஆக்சைடும் இதே நிறம் தரும். நம் ஊர் மே மாத வறட்சியில் தாள் காய்ந்து ஓசோன் நிறைந்த நாளிலும் வெளுப்பாகவே நிற்கலாம், மழைக்கால ஈரத்தில் மிகையாக நீலம் காட்டலாம்.

முன்னூறு ரூபாய் சென்சார் போதாதா?

சூடேறும் உலோக ஆக்சைடு சென்சார்கள் ஒரே வாயுவுக்கு மட்டும் பதில் சொல்வதில்லை. சாராய ஆவி, ஈரம், வெப்பம் எல்லாவற்றுக்கும் ஆடும். கசிவு எச்சரிக்கைக்குச் சரி, பிபிபி அளவுக்குச் சரியில்லை. மின்வேதிச் சென்சார் பரவாயில்லை; அதிலும் ஓசோனும் நைட்ரஜன் டை ஆக்சைடும் ஒன்றாகத் தெரியும். அரசு நிலையத்தின் அருகே இரண்டு மூன்று வாரம் வைத்து ஒப்பிட்டு, வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் திருத்தம் கண்ட பிறகே நம்புங்கள். ஜனவரியில் கண்ட திருத்தம் மே மாதத்துக்குப் பொருந்தாது.

கேஸ் கீசர் ஆபத்தா?

காற்றோட்டம் இல்லாத குளியலறைக்குள் மாட்டினால் ஆபத்து. ஆக்சிஜன் குறையக் குறையக் கார்பன் மோனாக்சைடு கூடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் பலமாக ஒட்டும். கீசரை வெளியே மாட்டுங்கள். தீ மஞ்சளாக எரிந்தால் நிறுத்திவிடுங்கள்.

ஏசி மெக்கானிக் பழைய கேஸை வெளியே திறந்துவிடுகிறார். பரவாயில்லையா?

திறந்துவிடச் சொல்லாதீர்கள். ஏசியில் போடும் குளிர்பதன வாயுவான ஆர்22 ஓசோன் படலத்தையும் அரிக்கும். புவியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்சைடைவிட எடைக்கு எடை நூறாண்டுக் கணக்கில் ஏறத்தாழ 1,800 மடங்கு. புதிய ஏசிகளில் வரும் ஆர்32 ஓசோனைத் தொடாது, சூடாக்குவதில் 700 மடங்கை ஒட்டி வரும். மீட்பு இயந்திரத்தால் உருளையில் பிடிக்கும் மெக்கானிக்கைத் தேடுங்கள்.

அரசு நிலையத்தின் எண்களை எப்படிப் படிப்பது?

வேலூர் வசந்தபுரத்திலும் ராணிப்பேட்டை சிப்காட்டிலும் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தொடர் கண்காணிப்பு நிலையங்கள் உண்டு. மத்திய வாரியத்தின் இணையதளத்தில் அவற்றின் தரவை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். முதலில் அலகைப் பாருங்கள். 25 டிகிரியில் 1 பிபிபி ஓசோன் கன மீட்டருக்கு 1.96 மைக்ரோகிராம், நைட்ரஜன் டை ஆக்சைடு 1.88, சல்ஃபர் டை ஆக்சைடு 2.62, அம்மோனியா 0.70. இந்திய வரையறை ஓசோனுக்கு எட்டு மணி சராசரி 100 மைக்ரோகிராம், அதாவது 51 பிபிபி. நைட்ரஜன் டை ஆக்சைடுக்கும் சல்ஃபர் டை ஆக்சைடுக்கும் 24 மணி சராசரி தலா 80, அம்மோனியாவுக்கு 400. ஓசோனை 24 மணி சராசரியாகப் போட்டுவிட்டு "வரையறைக்குள் இருக்கிறது" என்று முடிக்கும் மாணவர் அறிக்கைகள் ஏராளம். இரவின் தாழ்ந்த எண்கள் பகலின் உச்சத்தை மறைத்துவிடுகின்றன. எட்டு மணி நகரும் சராசரி எடுத்து, அதன் அன்றாட உச்சத்தைப் பாருங்கள்.

பிறகு தரவைச் சலியுங்கள். மின்தடை வந்து திரும்பிய முதல் ஒரு மணி நேரத்தை நீக்குங்கள். கருவியின் விளக்கும் அளவீட்டுக் கலனும் சூடேறாமல் எழுதிய எண்கள் அவை. மணிக்கணக்கில் ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால் அது அளவீடு அல்ல. தினமும் ஒரே நேரத்தில் பூச்சியமும் ஒரு பெரிய எண்ணும் அடுத்தடுத்து வந்தால் அது தானியங்கிச் சரிபார்ப்பு. வடகிழக்குப் பருவமழை நாட்களில், குளிரூட்டிய அறைக்குள் வரும் குழாயில் ஈரம் படிந்து எண்கள் துள்ளும். உள்ளே 22 டிகிரி, வெளியே பனிநிலை (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 24 என்றால் படியாமல் என்ன செய்யும்? சொந்தமாகக் கருவி வைப்பவர்கள் அறையை 26, 27 டிகிரியில் வைத்து, டெஃப்லான் குழாயைச் சற்றுச் சூடாக்கி, வடிகட்டித் தாளை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். செங்கல் சூளைப் புழுதி அடிக்கும் மாதங்களில் வாரம் ஒருமுறை மாற்றுங்கள். அழுக்கடைந்த தாள் ஓசோனைத் தானே தின்றுவிட்டு, உண்மையைவிடக் குறைந்த எண்ணைக் காட்டும்.